நூல் எண்ணும் கண்ணாடியும் திருப்பி மாட்டிய லென்ஸும்

பூச்சிகளைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுப்பதைப் பற்றி நான் எங்கே பேசினாலும் முதலில் வருகிற கேள்வி, "ப்ரோ, மேக்ரோ லென்ஸ் என்ன விலை?" என்பதுதான். விலையைச் சொன்னதும் பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. அதனால் இந்த எபிசோடில் விலையை ஓரமாக வைத்துவிட்டு வரலாற்றைப் பேசலாம். கிட்டத்தட்ட 350 வருஷக் கதை. இதில் வருகிற ஆட்களில் அநேகம் பேர் வேறு வேலைக்காக வந்த பொருளை எடுத்துத்தான் பூச்சியைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இருந்த பெரிய தலைவலி, பூச்சியைப் பெரிதாகக் காட்டுவது இல்லை. அதை ஆடாமல் இருக்க வைப்பது. அந்தத் தலைவலியை யார் எப்படித் தீர்த்தார்கள் என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

எங்க ஊர்ப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ராஜபாளையத்தை ஒட்டிச் சத்திரப்பட்டி இருக்கிறது. தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். அந்தத் துணியின் தரம் என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்கிற கணக்கு. துணித் தொழிலில் அதை எண்ணுவதற்கென்றே ஒரு சின்ன மடக்குக் கண்ணாடி உண்டு, பிக் கிளாஸ் என்பார்கள். அடியில் சதுரமாக ஒரு திறப்பு, மேலே ஒரு லென்ஸ். துணி மேல் வைத்து, குனிந்து, ஒவ்வொரு இழையாக எண்ண வேண்டும். அதே கண்ணாடியை ஒரு எறும்பு மேல் வைத்துப் பாருங்க. எறும்புக்கு முகம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

17-ம் நூற்றாண்டில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு துணிக் கடைக்காரர் இருந்தார். ஆண்டனி வான் லேவன்ஹுக். 1632-ல் பிறந்து 1723-ல் இறந்தார். துணி வியாபாரிகள் நூலின் நேர்த்தியைப் பார்க்கக் கண்ணாடி வைத்திருப்பது அப்போதும் வழக்கம்தான். அங்கிருந்துதான் இவருக்கு லென்ஸ் பித்துப் பிடித்தது என்று சொல்வார்கள். கல்லூரிப் படிப்பு கிடையாது, டச்சு தவிர வேறு பாஷை தெரியாது. தானே தேய்த்த மிகச் சின்ன லென்ஸ்களைப் பித்தளைத் தகட்டில் பொருத்தி, பொருளை ஒரு ஊசி முனையில் குத்திப் பார்த்தார். 1673-லிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். பேன் எப்படிப் பெருகுகிறது என்று பார்க்க, தன் காலுறைக்குள்ளேயே பேனை விட்டு வளர்த்த ஆள். (எங்க பாட்டி கேட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.)

அவருக்கு வரைய வராது. சம்பளம் கொடுத்து ஓவியரை வைத்துக்கொண்டார். அதாவது அவர் கண்ட காட்சி நமக்கு இன்னொருவர் கை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அவருக்குச் சில வருஷம் முன்னால், 1665-ல், லண்டனில் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' புத்தகத்தை வெளியிட்டார். தெள்ளுப்பூச்சியைப் பெரிதாக வரைந்த அந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது எறும்பைப் பற்றிய பகுதி. எறும்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. மெழுகிலோ பசையிலோ காலை ஒட்ட வைத்தால், உடம்பை முறுக்கிக்கொண்டு திமிறுகிறது. கொன்றுவிட்டாலோ உடம்பு சுருங்கி உருவம் கெட்டுவிடுகிறது. கடைசியில் மனுஷன் அதற்குச் சாராயம் ஊற்றினார். எறும்பு மப்பில் விழுந்தது. வரைந்தார். ஒரு மணி நேரம் கழித்து அது எழுந்து ஓடிவிட்டது. ஒட்டுவது, கொல்வது, மயக்குவது என்று மூன்று வழியையும் ஒரே ஆள் 1665-லேயே முயற்சி பண்ணிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். இன்றைக்கும்கூட.

இப்போது கேமராவுக்கு வருவோம். கொஞ்சம் இயற்பியல். ஒரே ஒரு கணக்குதான், பயப்படாதீங்க. லென்ஸை ஃபிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு கிட்டத்துப் பொருள் ஃபோகஸ் ஆகும், அவ்வளவு பெரிதாகத் தெரியும். 50 மி.மீ. லென்ஸை வழக்கமான இடத்திலிருந்து இன்னும் 50 மி.மீ. முன்னால் தள்ளினால், ஒரு சென்டிமீட்டர் பூச்சி ஃபிலிமிலும் ஒரு சென்டிமீட்டராகவே விழும். இவ்வளவுதான் ரகசியம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த அளவுக்குத் தள்ளும்போது வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அதிக நேரம் திறந்தால் பூச்சி நகர்ந்துவிடும். மறுபடியும் ஹூக்கின் எறும்பு.

அப்படித் தள்ளுவதற்கு வசதியான கேமரா ஒரு காலத்தில் ஸ்டுடியோதோறும் இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுப்பார்களே, முன்னால் துருத்தி மடிப்பு மடிப்பாக நீளுமே, அந்த மரக் கேமரா. மலைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழையில் 1940-களில் 'வாகீஸ்வரி' என்ற பெயரில் ஒரு கேமரா செய்யத் தொடங்கினார்கள். செய்தவர் கே. கருணாகரன். இசைக் கருவிகள் செய்து பழுது பார்க்கும் குடும்பம் அவர்களுடையது. ஒரு போட்டோகிராபர் தன் கேமராவின் கிழிந்த துருத்தியைச் சரி செய்து தரச் சொல்லி வந்ததுதான் தொடக்கம் என்பது கதை. ஆர்மோனியத்துக்குத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராவுக்கு மடிப்பது கஷ்டமா என்ன? மரமும் பித்தளையுமாக அந்தக் கேமரா நாடு முழுக்கப் போனது. துருத்தியை முழுசாக இழுத்தால் வெட்டுக்கிளியின் முகத்தைத் தாராளமாக எடுத்திருக்கலாம். ஆனால் கல்யாணப் படத்துக்குத்தான் காசு வரும், வெட்டுக்கிளிக்கு யார் கொடுப்பது?

துருத்தியை நம்பாமல் பல அடி நீளத்துக்குப் பெட்டியையே நீட்டிப் பார்த்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். டேவிட் ஃபேர்சைல்ட். தொழில்முறைப் போட்டோகிராபரும் இல்லை, பூச்சியியல் நிபுணரும் இல்லை. உலகம் சுற்றிச் செடிகொடிகளைச் சேகரித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன தாவரவியல்காரர். பம்பாயிலிருந்து மாம்பழ வகைகளைக்கூடக் கொண்டுபோனார். டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் மகள் மரியன்தான் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றியிருந்த காட்டிலும் புல்வெளியிலும் கிடைத்த பூச்சிகளைப் பெரிதாகப் படம் எடுத்து 1914-ல் 'தி புக் ஆஃப் மான்ஸ்டர்ஸ்' என்று புத்தகமாக்கினார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் மிரட்டும். ஆனால் அதிலிருக்கும் பூச்சிகள் செத்தவை. கொன்று, மெழுகு பூசிய கட்டையில் நிறுத்தி, காலை ஊசியால் சரி செய்து, உயிரோடு நிற்கிற மாதிரி ஜோடித்து எடுத்தார்கள். செய்முறையை மறைக்காமல் புத்தகத்திலேயே எழுதியும் வைத்தார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். இன்றைக்கு எத்தனை பேர் எழுதுகிறோம்?

அதே 1914-ல் சென்னையில் அரசு அச்சகத்திலிருந்து இன்னொரு புத்தகம் வந்தது. தென்னிந்தியப் பூச்சிகள் சிலவற்றைப் பற்றி டி. பெயின்பிரிக் ஃப்ளெட்சர் எழுதியது. அவரும் வேறு வேலையிலிருந்து வந்தவர்தான், பிரிட்டிஷ் கடற்படையில் சம்பளக் கணக்குப் பார்த்தவர். பூச்சி ஆர்வம் முற்றிப்போய் மதராஸ் மாகாணத்தின் பூச்சியியல் அதிகாரி ஆனார். நம்ம பக்கத்துப் பூச்சிகளை வரிசையாக எடுத்து, நூற்றுக்கணக்கான வரைபடங்களோடு விளக்கிய பெரிய வேலை அது. 1940-ல் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் எழுதிய தென்னிந்தியப் பூச்சியியல் கையேடு அதற்கு அடுத்த படி. இரண்டும் விவசாயத்துக்காக எழுதப்பட்டவை. பயிரைத் தின்பது எது, பயிருக்கு உதவுவது எது, ஆளையும் மாட்டையும் கடிப்பது எது என்பதுதான் அவற்றின் கேள்வி. அது நியாயம்தான். பருத்தி விளைகிற மண்ணில் பருத்தியைக் கெடுக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியைத்தான் முதலில் எழுதுவார்கள். ஆனால் மனுஷனுக்கு நல்லதும் செய்யாமல் கெட்டதும் செய்யாமல் தன் பாட்டுக்கு இருக்கிற பூச்சிக்கு அந்த மாதிரிக் கணக்கில் பெரிய இடம் கிடைக்காது. லேவன்ஹுக்கின் ஓவியரைப் பற்றிச் சொன்னேனே, அதேதான். எதை வரையச் சொல்லிக் காசு கொடுக்கிறார்களோ அதுதான் வரையப்படும்.

சரி, நம்ம ஊரில் காசு வராத விஷயத்தை, கைக்குக் கிடைத்த கருவியை வைத்து, ஒரு வாழ்நாள் முழுக்க எடுத்தவர் யாராவது உண்டா? உண்டு. மா. கிருஷ்ணன். அவர் பூச்சிக்காரர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிடறேன். யானை, காட்டெருமை, மான் என்று பாலூட்டிகள்தான் அவர் களம். ஆனாலும் அவர் இல்லாமல் இந்த எபிசோடை முடிக்க எனக்கு மனசில்லை.

1912-ல் பிறந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு மலைகளுக்குப் போய்ச் செடிகளைப் பார்க்கப் பழகினார். சண்டூர் சமஸ்தானத்தில் பல வேலைகள் பார்த்துவிட்டு, பிறகு சென்னையில் சம்பளமில்லாத சுதந்திர எழுத்தாளராக உட்கார்ந்துவிட்டார். 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதினார். 46 வருஷம். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார், கிடைத்தால் வாங்கிடுங்க.

அவருடைய கேமராவுக்கு வருவோம். உடம்பு ஒரு கம்பெனி, டெலிலென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்களெல்லாம் அங்கங்கே கிடைத்தவை. எல்லாவற்றையும் தானே சேர்த்துப் பொருத்தி 'சூப்பர் பாண்டரோசா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இது நன்றாகவே புரிகிறது. எங்கிருந்தோ ஒரு லைப்ரரி, எங்கிருந்தோ ஒரு பேட்ச், நடுவில் நம்ம எழுதின பத்து வரி, ஆனாலும் ஓடும். அந்தக் கூட்டுக் கேமராவோடு நடந்தும் யானை மேல் ஏறியும் காடு காடாகப் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1959 முதல் 1970 வரை அப்படிச் சுற்றிப் பார்த்ததன் பதிவைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் புத்தகமாக வெளியிட்டது. எந்தக் காடு, எந்தப் பருவம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் அந்தப் படங்களோடு சேர்ந்தே வரும். படம் அழகாக இருப்பது அவருக்கு இரண்டாவது. உயிரோடு இருக்கிற விலங்கு, அதன் இடத்தில், அதன் வேலையைப் பார்ப்பதுதான் முதல். ஹூக்கின் மூன்று வழிக்கு வெளியே நாலாவது வழி ஒன்று உண்டென்றால் அது இதுதான், காத்திருப்பது.

பெரிய விலங்குக்குக் காத்திருப்பு போதும். பூச்சிக்குப் போதாது, ஏனென்றால் அந்த வெளிச்சக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்த்தது எலக்ட்ரானிக் ஃபிளாஷ். 1930-களில் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் ஓடுகிற மோட்டாரைப் படிப்பதற்காகப் பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்கில் வேலை செய்தார். இதுவும் வேற வேலைக்கு வந்த பொருள்! இன்றைக்கு ஆன்லைனில் கிடைக்கிற சாதாரண ஃபிளாஷைப் பவர் குறைத்து வைத்தால், ஒரு செகண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரியும். அந்த நேரத்தில் எந்த எறும்பும் எங்கேயும் போக முடியாது. சாராயம் வேண்டாம், மெழுகு வேண்டாம்.

மிச்சம் இருப்பது லென்ஸ். கேமராவோடு இலவசமாக வருகிற 18–55 லென்ஸ் இருக்கிறதே, அதைக் கழட்டி முன்பின்னாகத் திருப்பி மாட்டுங்க. அதற்கு ஒரு வளையம் விற்கிறது, சில நூறு ரூபாய். சாதாரண லென்ஸ், தூரத்துப் பெரிய காட்சியை உள்ளே சின்னதாக்குவதற்காகச் செய்தது. திருப்பிப் போட்டால் சின்னதைப் பெரிதாக்கும். 28 மி.மீ.யில் வைத்தால் சுமார் இரண்டு மடங்கு கிடைக்கும். ஜூமை 18 பக்கம் திருப்பினால் இன்னும் பெரிதாகும், 55 பக்கம் திருப்பினால் குறையும். வழக்கமான பழக்கத்துக்கு நேர் எதிர். பூச்சியிலிருந்து லென்ஸ் நாலு சென்டிமீட்டர் சொச்சம் தூரத்தில்தான் நிற்கும். ஃபோகஸ் வளையத்தை மறந்துடுங்க, நம்ம உடம்பை முன்னும் பின்னும் அசைப்பதுதான் ஃபோகஸ். தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண் தெளிவாக இருந்தால் போதும் என்று முடிவு பண்ணிக்கோங்க. ஃபிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்தால் வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி வெளுத்துவிடும். அதற்கு நான் வைத்திருப்பது சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, நாலு மடிப்பு.

இதோடு எங்கே போவது? ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988-லிருந்து சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயம் இருக்கிறது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் பூச்சிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. கண்மாய்க் கரையில் ஒரு எருக்கஞ்செடி போதும். மஞ்சள் அசுவினிக் கூட்டம், வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு, நீலமும் மஞ்சளுமாக வர்ணம் அடித்த எருக்கு வெட்டுக்கிளி எல்லாம் அந்த ஒரே செடியில் குடியிருக்கும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் காய்ந்த குச்சிகளைப் பாருங்க. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஆண் தேனீக்கள் வரிசையாகக் குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டு தொங்கும். தூங்குகின்றன. மார்கழி விடியற்காலையில் பனி கோத்த தட்டான்களும் அப்படித்தான், வெயில் ஏறும் வரை அசையாது. அது தானாக அசையாமல் இருக்கிற நேரம் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ராஜபாளையம் மாந்தோப்புகளில் முசுறு எறும்பு இலையை இலையோடு தைத்துக் கூடு கட்டும். அந்தக் கூட்டத்துப் பக்கத்திலேயே இன்னொரு 'முசுறு' தனியாகத் திரியும். அதே செம்மண் நிறம், அதே இடுப்பு. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கால் எட்டு இருக்கும்! முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரித் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டு, எறும்பு வேஷம் போடுகிற குதிக்கும் சிலந்தி அது. ஆண் சிலந்திக்குத் தாடை நீளமாக வளர்ந்து, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போகிற மாதிரியே இருக்கும். சிலந்தி பூச்சி இனம் இல்லை என்று யாராவது மெயில் அனுப்புவீங்க, தெரியும். ஆனால் அந்த எட்டாவது காலை எண்ணுவதற்குக்கூட ஒரு லென்ஸ் வேண்டியிருக்கிறதே!

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கருவி மலிவாகிவிட்ட பிறகும் ஒட்டுவதும் கொல்வதும் மயக்குவதும் நிற்கவில்லை. பூச்சியை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, அது விறைத்த பிறகு வெளியே எடுத்து, பூ மேல் உட்கார வைத்து, மேலே தண்ணீர் தெளித்து "காலைப் பனி" என்று போடுகிறார்கள். விஞ்ஞானிகள் மாதிரி எடுத்துப் பாதுகாப்பது வேறு. அதற்குக் காரணமும் கணக்கும் உண்டு. நான் சொல்வது லைக்குக்காகச் செய்வதை. உயிர் போகிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் படம் பொய் சொல்கிறது. அந்தப் பூச்சி அந்தப் பூவுக்கு எப்போதும் வராததாக இருக்கலாம். நாளைக்கு யாராவது அந்தப் படத்தை நம்பி, இந்தப் பூச்சி இந்தச் செடியில் வாழ்கிறது என்று எழுதிவிட்டால்?

நம்புகிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2011-ல் மலேசியாவின் சிலாங்கூர் காட்டில் குவெக் ஹாக் பிங் என்ற போட்டோகிராபர் கண்ணாடியிறகுப் பூச்சி ஒன்றைப் படம் எடுத்து ஃப்ளிக்கரில் போட்டார். இறக்கை அடியில் கறுப்பும் நீலமுமாகப் புள்ளிகள். கலிபோர்னியாவில் ஷான் விண்டர்டன் என்ற பூச்சியியலாளர் தற்செயலாக அதைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. படம் மட்டும் போதாது, பூச்சி கையில் வேண்டும். குவெக் எடுத்துவிட்டுப் பறக்க விட்டிருந்தார். பல மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பப் போனபோது மறுபடி ஒன்று கிடைத்தது. 2012-ல் 'செமாக்ரைசா ஜேட்' என்ற பெயரில் அது புது இனமாகப் பதிவானது. அவர் படத்தை எங்கே எடுத்தார் என்பது பொய்யாகவோ, குழப்பமாகவோ இருந்திருந்தால், திரும்பப் போய்த் தேட இடமே இருந்திருக்காது.

அதனால் ஐநேச்சுரலிஸ்டிலோ இந்திய பல்லுயிர்த் தளத்திலோ நீங்க படம் போடும்போது ஒன்று செய்யுங்க. இடம் என்கிற கட்டத்தில் "விருதுநகர் மாவட்டம்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீங்க. எந்தக் கண்மாய், எந்தத் தோப்பு, எந்தச் செடியின் எந்தப் பக்கம், காலையா மாலையா என்று எழுதுங்க. பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்க, தெரிந்தவர்கள் வந்து நிரப்புவாங்க. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அதையும் எழுதிடுங்க, ஃபேர்சைல்ட் மாதிரி.